சோட்டி பாபி வாலா

என் மேஜை இழுப்பறையில் ஒரு நீலப் பென்டிரைவ் கிடக்கிறது. அதன் முதுகில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. கடைக்கு வருகிறவர்கள் மறந்துவிட்டுப் போகும் பென்டிரைவ்களோடு இதுவும் கலந்துவிடக் கூடாது என்று என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தனின் மனைவி, தன் நெற்றியில் இருந்த சிவப்புப் பொட்டைப் பிய்த்து அதில் ஒட்டினாள். அன்று மாலை வரை வெறும் நெற்றியோடுதான் உட்கார்ந்திருந்தாள். அப்போதும் அழகாகத்தான் இருந்தாள். மாமனார் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நான் அப்படி உட்கார்ந்திருந்தால் "வீட்டுல வெளக்கேத்துற நேரம்" என்று ஆரம்பித்திருப்பார். இப்போது ஒட்டியிருப்பது அந்தச் சிவப்புப் பொட்டு இல்லை. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்த இரண்டு மருமகள்களில் நான் மூத்தவள். ராமநாதபுரத்தில் பி.காம். முடித்து, கம்ப்யூட்டர் கோர்ஸும் முடித்து, முதல் வகுப்பு என்று போட்ட சான்றிதழைப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டு கப்பலேறி போர்ட் பிளேர் வந்தவள். அவள் கச்சால் தீவுக்காரி. தாத்தா காலத்தில் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பம். பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்டவள். இதைச் சொல்லிக்காட்டுவதற்காகச் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால், ஆமாம், அதற்காகத்தான் சொல்கிறேன். படிப்பு என்னிடம் இருந்தது. மற்றதெல்லாம் அவளிடம் இருந்தது. பேசுவதற்கு முன்னால் சிரித்துவிடுவாள். வங்காளிக் கிழவியானாலும் தெலுங்கு மீன்காரரானாலும் ராஞ்சிக் கூலிக்காரரானாலும் அவள் பேசும் ஹிந்தியில் இலக்கணம் ஒன்றும் இருக்காது, ஆனால் எதிரே நிற்பவர் முகம் மலர்ந்துவிடும்.

கராச்சர்மாவில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே மாமனாருக்கு ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் திறந்தது. கப்பல் டிக்கெட்டுக்கு விண்ணப்பம், மாணவர்களுக்கு பிராஜெக்ட், வேலைக்கு பயோடேட்டா என்று நாள் முழுக்க ஆள் இருக்கும். வருகிறவர்களுக்கு நாங்கள் இருவரும் அண்ணிமார்கள். தீவு வழக்கப்படி ஹிந்தியில் பாபி. அவள் சின்னவள், அதனால் சோட்டி பாபி. நான் பெரியவள், அதனால் படீ பாபி. ஹிந்தியில் படீ என்றால் பெரிய. மாமனார் காதில் அது எப்போதும் தமிழாகத்தான் விழும். "படி படின்னே கூப்புடுறாய்ங்க பாரு. ஆளப் பாத்துத்தான் பேரு வச்சிருக்காய்ங்க" என்று சொல்லிச் சிரிப்பார். பஜ்ஜி மடித்து வந்த காகிதத்தைக்கூட நான் எண்ணெய் துடைத்துப் படிப்பேன் என்பது அவருக்குத் தெரியும். முதல் தடவை நானும் சிரித்தேன்.

கடையில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்த ஆபரேட்டர் மெயின்லேண்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் போன கொஞ்ச நாளிலேயே கம்ப்யூட்டரும் படுத்துவிட்டது. ஊரில் உள்ள பென்டிரைவ்களின் வைரஸ் அத்தனையும் அதற்குள் குடியிருந்தது. அதை இயக்க உள்ளே போட்டிருந்த மென்பொருளும் எவரோ எங்கிருந்தோ ஏற்றிக் கொடுத்த கள்ளப் பிரதி. ஒருநாள் கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடு ஒன்று மட்டும் கண் சிமிட்டிக்கொண்டு நின்றது. மாமனாருக்கு முழங்கால் வலி, கண்ணிலும் புரை விழ ஆரம்பித்திருந்தது. மதியச் சாப்பாட்டின்போது எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார்: "கம்ப்யூட்டர யாரு எந்திரிக்க வைக்கிறீகளோ அவுக கடையில உக்காருங்க. மத்தவுக வீட்டப் பாத்துக்கிடுங்க. ரெண்டு பேரும் அங்கன போயிட்டா உலையில யாரு அரிசி போடுறது?"

அந்த நாற்காலி எனக்கு என்ன என்பதைச் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் ஒயர் பின்னிய, ஒரு கை உடைந்த நாற்காலிதான். அதில் உட்கார்ந்தால் மேலே மின்விசிறி, எதிரே சாலை, டவுனுக்குப் போகும் பஸ்கள், இறங்குகிற ஏறுகிற முகங்கள். என் கணவர் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் வேலை பார்க்கிறவர், பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் பார்த்ததெல்லாம் சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு பாக்கு மரம். சான்றிதழ் பெட்டியடியில் பூஞ்சை பிடித்துக்கொண்டிருந்தது. அந்த நாற்காலி எனக்குத்தான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். போட்டி என்று ஒன்று இருப்பதாகவே அப்போது நினைக்கவில்லை.

கம்ப்யூட்டரை இயக்க லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, இலவசம், வைரஸ் தொல்லை குறைவு என்று கடைக்கு வரும் வங்காளி வாத்தியார் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். நான் அதை ஒற்றைப் பொருள் என்றுதான் நினைத்திருந்தேன். செல்போனில் தேட ஆரம்பித்த பிறகுதான் அது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர் என்று தெரிந்தது. உபுண்டு, டெபியன், ஃபெடோரா, மின்ட், மஞ்சாரோ என்று ஆளுக்கொரு விதமாகத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். அந்தத் தொகுப்புகளுக்கு டிஸ்ட்ரோ என்று பெயர். ஒவ்வொரு டிஸ்ட்ரோவுக்கும் பிள்ளைகள், பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளைகள், அதற்குள் கனமானது, இலகுவானது என்று வகைகள். புதிதாக வருகிறவர்களுக்கு இதுதான் ஏற்றது என்று ஒருவர் எழுதியிருப்பார். புதிதாக வருகிறவர்களைக் கெடுப்பதே இதுதான் என்று அதற்குக் கீழேயே இன்னொருவர் எழுதியிருப்பார். மூன்றாமவர் இருவரையும் திட்டியிருப்பார். நான் மூவரையும் படித்தேன். கடலடிக் கேபிள் வராத காலம் அது. ஒரு பக்கம் முழுதாகத் திறப்பதற்குள் குக்கரில் சாதம் ஆகிவிடும். அடுப்புக்கு ஒரு கண், போனுக்கு ஒரு கண் என்று வாரக்கணக்கில் படித்தேன். பிரின்டரை அடையாளம் காணுமா, தமிழும் ஹிந்தியும் அடிக்க வருமா, எங்கள் கிழட்டுக் கம்ப்யூட்டர் தாங்குமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

அவசரப்படாததற்குக் காரணம் இருந்தது. அன்றைய நெட்டில் ஒரு டிஸ்ட்ரோவை முழுதாக இறக்குவது நடக்காத காரியம். காய்கறி, கட்டிடச் சாமான், கல்யாணப் புடவை மாதிரி அதுவும் மெயின்லேண்டிலிருந்து யாராவது கொண்டு வந்தால்தான் உண்டு. தப்பானதைக் கேட்டுவிட்டால் அடுத்த ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். கடை பூட்டிக் கிடக்கும்.

என் ஓரகத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே எட்டிப் பார்ப்பாள். "இன்னுமா அக்கா முடியல? எது நல்லதுன்னு பாத்துக்கிட்டே கெடந்தா ஏலாது. கெட்டுப்போனா யார்ட்ட கேக்கலாமோ, அதத்தான் எடுக்கணும். கச்சால்ல எங்கப்பா ஜெனரேட்டர் வாங்குனது அப்பிடித்தான். பக்கத்து வீட்டுல என்னா இருந்திச்சோ, அதே."

"இது ஜெனரேட்டரா?" என்றேன்.

"ஜெனரேட்டர் இன்னும் கஷ்டம் அக்கா. அதுக்கு டீசலும் ஊத்தணும்" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் மின்ட் என்று முடிவு செய்தேன். அதிலும் பழைய கம்ப்யூட்டருக்கென்று இருக்கிற இலகு வகை. பட்டன்களெல்லாம் மக்கள் பழகிய இடத்திலேயே இருக்கும், பிரின்டர் தகராறு செய்யாது, புதிதாக வருகிறவர் பயப்பட மாட்டார். எனக்குக் கிடைத்த அத்தனை வாதங்களையும் எடைபோட்டு எடுத்த முடிவு. இன்று வரை அதில் ஒரு குறை சொல்ல முடியாது.

கொழுந்தன் அப்போது ஒரு கான்டிராக்டருக்குச் சாமான் எடுக்கச் சென்னை போயிருந்தார். அங்கிருந்து யாராவது திரும்பி வருகிறார்கள் என்றால் இங்கே ஒவ்வொரு வீட்டிலும் நடப்பதுதான் எங்கள் வீட்டிலும் நடந்தது. அவர் போன் செய்ய, மாமனார் கூடத்தில் நின்றுகொண்டு சத்தமாகச் சாமான் சொன்னார். கொத்தமல்லி, சின்ன வெங்காயம், முருங்கைக்காய். லைன் விட்டு விட்டு வந்தது. நான் சமையலறையிலிருந்து, "மாமா, மின்ட்டும் சொல்லுங்க, பென்டிரைவ்ல போட்டு எடுத்துட்டு வரணும்" என்று கத்தினேன். கத்தும்போதே மிக்ஸியையும் போட்டுவிட்டேன், தேங்காய் அரைபட வேண்டியிருந்தது. என் வாக்கியத்தின் முதல் பாதி அவர் காதில் விழுந்தது. இரண்டாம் பாதியை மிக்ஸி தின்றுவிட்டது. வாழ்நாள் முழுக்க ஆபீசில் ஆங்கிலம் எழுதியவர் அவர். மகனுக்குப் புரியட்டும் என்று மொழிபெயர்த்தே சொல்லியிருக்கிறார்.

கொழுந்தன் வந்து இறங்கிய அன்று கூடத்தில் பையைப் பிரித்தோம். எல்லாவற்றுக்கும் மேலே, ஈரத்துணியில் சுற்றி, இரண்டு பெரிய புதினாக் கட்டுகள். "அண்ணி, நீங்க கேட்டது. அமுங்கிப் போயிரும்னு ஃப்ளைட்டுல மடியிலயே வச்சுக்கிட்டு வந்தேன்" என்றார். வீடு முழுக்க வாசனை பரவியது. எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்தபோது மாமனார் மகனைத் திட்ட, மகன் அப்பாவைத் திட்ட, என் ஓரகத்தி தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, துடைத்துக்கொண்டு, கணவரிடம் கை நீட்டினாள். "எங்கண்ணன் குடுத்தத எங்க?" அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு நீலப் பென்டிரைவை எடுத்துக் கொடுத்தார்.

அவளுடைய சித்தப்பா மகன் ஒருவர் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தார். அவரிடம் போனில் அவள் கேட்டது இவ்வளவுதானாம்: "அண்ணே, ஒங்க கம்ப்யூட்டர்ல என்னா ஓடுதோ, அதயே பழைய மிஷினுக்குத் தோதா ஒண்ணு ஏத்திக் குடுங்க. கெட்டுப்போனா ஒங்களத்தான் கேப்பேன்." பெயர்கூடக் கேட்கவில்லை.

எல்லோரும் கடைக்குப் போனோம். அவள் பென்டிரைவைச் செருகி, கம்ப்யூட்டரைப் போட்டாள். பழைய கறுப்புத் திரை, பழைய வெள்ளைக் கோடு. அண்ணனுக்குப் போன் செய்தாள். லைன் கிடைக்கவில்லை. மறுபடி செய்தாள். எனக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "ஆன் பண்ணின உடனே எஃப் டுவெல்வ் அமுக்கு, எதிலேர்ந்து எழுந்திருக்கணும்னு கேக்கும்" என்றேன். அமுக்கினாள். திரையில் வெளிச்சம் வந்தது. பச்சை வட்டம், அதற்குள் நான் வாரக்கணக்கில் செல்போனில் பார்த்துப் பழகிய அந்த அடையாளம். அவள் திரையில் விரல் வைத்து எழுத்துக் கூட்டினாள்.

"லினக்ஸ்... மின்ட். ஐயோ அக்கா, இதுவும் புதினா!"

நான் தேர்ந்தெடுத்த அதே மின்ட். அதே இலகு வகை. "மாமா, இதத்தான் நானும் சொன்னேன்" என்றேன். என் குரல் எனக்கே சின்னப்பிள்ளைக் குரலாகக் கேட்டது.

"நீ சொன்னதுதான் சமையக்கட்டுல இருக்கே" என்றார் மாமனார். மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்ன செய்வது?

பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், பிடித்தால் பிறகு உள்ளே ஏற்றிக்கொள்ளலாம் என்று அவளிடம் நான்தான் சொன்னேன். அவள் வேறு எதையும் பார்க்கவில்லை. பிரின்டர் ஒயரைச் செருகி, "பிரின்ட் வருதா இல்லையா, அதப் பாப்போம்" என்றாள். "மொத மொத அடிக்கிற, பிள்ளையார் சுழி போட்டு அடி" என்றார் மாமனார். தாளின் உச்சியில் ஒற்றை 'உ' அச்சாகி வெளியே வந்தது. அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சுவரில் ஒட்டச் சொன்னார். நாற்காலியின் மேல் கிடந்த தூசியை அவள் முந்தானையால் தட்டினாள். நான் வீட்டுக்குத் திரும்பி வந்து புதினாவை ஆய்ந்தேன்.

பிறகு வந்த வருடங்களை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்டால், எரிந்துகொண்டு கழித்தேன். ஆய்ந்து எறிந்த தண்டுகளில் நாலைந்தை அவள் ஒரு பெயின்ட் டப்பாவில் நட்டு வைத்தாள், அது தழைத்துக் கடையின் பின்பக்கம் முழுக்கப் பரவியது. எனக்கென்று வந்த புதினாகூட அவள் கையில்தான் வேர் பிடித்தது. கடைக்கு வரும் பிள்ளைகள் பழுதான லேப்டாப்களைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். எல்லாவற்றுக்கும் அவள் அந்தப் பென்டிரைவையே செருகினாள். வேறென்ன டிஸ்ட்ரோ இருக்கிறது என்று எவனாவது கேட்டால், "எங்கிட்ட இருக்கிறது இதான். எனக்குத் தெரிஞ்சதும் இதான்" என்பாள். சிக்கல் வந்தால் அண்ணனைக் கூப்பிடுவாள். அவர் கிடைக்காவிட்டால் வீட்டுக்குப் போன் வரும். "அக்கா, சத்தம் வரலயாம், என்னா செய்ய?" நான் குழம்பைக் கிளறிக்கொண்டே சொல்வேன். மறுமுனையில் பாட்டுச் சத்தம் கேட்கும். "வாஹ், சோட்டி பாபி!" என்று பையன்கள் மெச்சிக் கூவுவதும் கேட்கும்.

"அக்காதான் சொன்னாங்க" என்று அவள் அவர்களிடம் சொல்லாமல் இருந்ததில்லை. அதுதான் எனக்குப் பெரிய வேதனை. என் பெயரை மறைத்திருந்தால் அவளைக் கெட்டவள் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் படுத்திருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை. என் சான்றிதழைப் பார்த்து "எம்மாம் பெரிய படிப்பு" என்று உண்மையாகவே வியந்தவள் அவள் ஒருத்திதான். தீபாவளிக்கு எனக்கென்று தனியாகப் புடவை எடுத்தாள், நிறமும் எனக்குப் பிடித்ததாகவே இருந்தது. அதைக் கட்டிக்கொண்டபோதும் பொறாமையாகத்தான் இருந்தது.

கொழுந்தனுக்கு வண்டூரில் வேலை அமைந்து அவர்கள் அங்கே குடிபோனார்கள். சுற்றுலாப் படகுகள் கிளம்பும் இடத்துக்குப் பக்கத்தில் அவளும் ஒரு கடை போட்டிருக்கிறாள். நன்றாக ஓடுகிறது என்று கேள்வி. ஓடாமல் என்ன? போகும்போது பென்டிரைவை என் கையில் வைத்து, "இது இந்தக் கடையோடது அக்கா" என்றாள். நாற்காலியும் அப்படித்தான் என் கைக்கு வந்தது. ஜெயித்து வாங்கியிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும். முதல் நாள் உட்கார்ந்ததும் வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்து, "சோட்டி பாபி நஹீ ஹை க்யா?" என்றார். இரண்டாமவரும் அதையே கேட்டார். சின்னவள் இல்லை, நான் இருக்கிறேன், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கக் கொஞ்ச நாளில் பழகிக்கொண்டேன்.

பென்டிரைவுக்குள் இருப்பதை நான் சும்மா விடவில்லை. புதிய பதிப்பு வர வர, பழையதை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றினேன். இப்போதுதான் கேபிள் வந்துவிட்டதே, ஒரு டீ குடித்து வருவதற்குள் எதையும் இறக்கிவிடலாம். அவள் அண்ணன் கொடுத்ததில் ஒரு பொட்டுகூட உள்ளே மிச்சமில்லை. வெளியே இருந்த பொட்டு மட்டும் மிச்சம். சென்ற மழைக்காலத்தில் அதுவும் பசை காய்ந்து உதிர்ந்தது. நான் என் பையிலிருந்து ஒரு மெரூன் பொட்டை எடுத்து, அதைவிடச் சற்றுப் பெரியதாகப் பார்த்து, அதே இடத்தில் ஒட்டினேன். ஒட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது.

அடுத்த நாள் சிப்பிகாட்டிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் பழைய லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். லினக்ஸ் போட வேண்டும் என்றாள். நான் இத்தனை வருடம் இதற்காகத்தானே காத்திருந்தேன்? உட்கார வைத்து எனக்குத் தெரிந்த ஹிந்தியில் எல்லாம் சொன்னேன். இப்போது நெட் இருக்கிறது, எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். உபுண்டு என்றால் இப்படி, ஃபெடோரா என்றால் இப்படி, உன் லேப்டாப்பின் வயதுக்கு இது பொருந்தும், உன் படிப்புக்கு அது பொருந்தும். அவள் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டாள். சுவரில் மஞ்சளாகிப் போன 'உ'வைப் பார்த்தாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது சொன்னாள்: "வோ சப் நஹீ, படீ பாபி. சோட்டி பாபி வாலா டால் தோ."

அதெல்லாம் வேண்டாம், சின்ன அண்ணியுடையதைப் போட்டுக் கொடுங்கள். எந்த டிஸ்ட்ரோவின் பெயரும் அவளுக்குத் தெரியாது. அவள் அக்கா லேப்டாப்பில் அதுதான் இருக்கிறதாம், ஏதாவது ஆனால் அக்காவைக் கேட்டுக்கொள்வாளாம். இந்தப் பக்கத்தில் அதன் பெயரே அதுதான் என்று விசாரித்தபோது தெரிந்தது. கல்லூரிப் பையன்களெல்லாம் அப்படித்தான் சொல்கிறார்களாம்.

நான் இழுப்பறையைத் திறந்து பென்டிரைவை எடுத்தேன். அவள் அதை உற்றுப் பார்த்தாள். முகத்தில் சந்தேகம் வந்தது. "பிந்தி தோ லால் தீ நா?" பொட்டு சிவப்பாக அல்லவா இருந்தது, அக்கா சிவப்பு என்றல்லவா சொன்னாள் என்றாள். லேப்டாப்பைத் தன் பக்கம் மெல்ல இழுத்துக்கொண்டாள். "யே வோஹி ஹை க்யா?" இது அதேதானா?

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எதிரே டவுன் பஸ் வந்து நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று.

"ஹான், வோஹி ஹை" என்றேன். "சோட்டி பாபி வாலா."

அவள் நிம்மதியாக லேப்டாப்பை என் பக்கம் தள்ளினாள். நான் பென்டிரைவைச் செருகி, எஃப் டுவெல்வை அமுக்கினேன்.